சாயவேரும் சாக்குத்துணியும்: இழைக்கலையில் வர்ணமும் புதுப்பொருட்களும்

சித்திரம் என்றால் கடதாசியும் தூரிகையும். தையல் என்றால் ஊசியும் நூலும். எங்கள் பாடசாலைகளில் இவ்விரண்டும் வெவ்வேறு அறைகளில்தான் இருக்கின்றன. சித்திரம் தனிப் பாடம், தையல் மனைப்பொருளியலின் ஒரு மூலை. நன்றாகக் கீறும் பிள்ளையை "கலைஞர்" என்கிறோம். தலையணை உறையில் பூவேலை செய்யும் பிள்ளையைப் பார்த்து "கெட்டிக்காரி, போற வீட்டில நல்ல பேர் எடுப்பாள்" என்கிறோம். ஒன்று கலை, மற்றது கைவேலை என்று எவரும் சொல்லித் தரவில்லை. ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் படித்திருக்கிறோம்.

இந்த இரு அறைகளுக்கும் நடுவிலுள்ள சுவரை அகற்றிய துறையைத்தான் இழைக்கலை என்கிறார்கள். பஞ்சு, பட்டு, சணல், தும்பு, ஓலை என இழையாகக் கிடைக்கும் எதையும் நெய்யலாம், பின்னலாம், முடியலாம், தைக்கலாம். அதன் மேல் வர்ணம் பூசலாம், சாயம் தோய்க்கலாம், மெழுகு ஊற்றலாம், துருப்பிடிக்கவும் விடலாம். "இது வெளிநாட்டார் கண்டுபிடித்த புது விளையாட்டுத்தானே" என்று கேட்பவர்கள் உண்டு. துணியில் வர்ணத்தை நிறுத்தும் மிக நுட்பமான பரிசோதனைகளில் ஒன்றுக்கு எங்கள் குடாநாட்டு மணலும் ஒரு மூலப்பொருள் கொடுத்திருக்கிறது. அந்தக் கதையையும், இன்று இத்துறையில் கைவைக்க விரும்புவோர் அறிய வேண்டிய சில அடிப்படைகளையும் இக்கட்டுரை எடுத்துச் சொல்கிறது.

பூசுவதும் தோய்வதும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். வர்ணப் பூச்சு என்பது நிறத்தூளும் அதை ஒட்டிப்பிடிக்கும் பசையும் கலந்தது. அது துணியின் மேல் படலமாக அமர்கிறது. சாயம் அப்படியல்ல. நீரில் கரைந்து இழைக்குள் இறங்கி அங்கேயே தங்குகிறது. அரபு மொழியில் 'சிப்ஃகா' என்ற சொல்லுக்குச் சாயம், நிறம் என்று பொருள். அதன் வேர்ச்சொல் தோய்த்து நிறமேற்றுவதைக் குறிக்கும். சூரத்துல் பகராவின் 138 ஆம் வசனத்தில் இச்சொல் வருவதை வாசகர்கள் அறிவார்கள். மேலே பூசுவதும் உள்ளே தோய்வதும் வேறு வேறு என்பதை அந்த ஒரு சொல்லே உணர்த்துகிறது. யாழ்ப்பாணத்தில் நாங்கள் உடுப்புக் கழுவுவதையும் 'தோய்க்கிறது' என்றுதான் சொல்கிறோம். நிறம் ஏறுவதும் அழுக்குப் போவதும் நீரும் இழையும் சந்திக்கும் ஒரே காரியம்தானே.

ஆனால் எல்லாச் சாயமும் எல்லா இழையிலும் தங்காது. பருத்திக்கும் பெரும்பாலான இயற்கைச் சாயங்களுக்கும் இடையே ஒட்டுறவு குறைவு. இரண்டையும் பிணைக்க நடுவில் ஓர் உலோக உப்பு வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சீனாக்காரம், அதாவது படிகாரம், அத்தகையது. இரும்பு உப்பு இன்னொன்று. இவற்றைச் சாயப்பிடிப்பி என்று சொல்லலாம்.

மணலுக்கடியில் ஒரு சிவப்பு

'சாயவேர்' என்பது கடலோர மணலில் தரையோடு படர்ந்து வளரும் ஒரு சிறு செடி. சித்த மருத்துவத்தில் இதனை இம்பூறல் என்பார்கள். வெள்ளைப் பூ, மெல்லிய இலை. பார்வைக்கு ஒன்றுமில்லாத செடிதான். அதன் நீண்ட வேரின் பட்டையில்தான் சிவப்பு இருக்கிறது. சோழமண்டலக் கரையிலும் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதிகளிலும் இது தோண்டி எடுக்கப்பட்டது. 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் சாயவேரைத் தங்கள் வருமானப் பொருட்களில் ஒன்றாக வைத்திருந்தனர். யாழ்ப்பாணத்தில் கொமாந்தோராக இருந்த ஹென்றிக் சுவார்டெக்ரூன் 1697 இல் எழுதிவைத்த நிருவாகக் குறிப்பிலும் சாயவேர் பேசப்படுகிறது. அதைத் தோண்டுவது ஊதியத்துக்கான விருப்பத் தொழிலாக இருக்கவில்லை. 'வேர்குத்தி' என்ற பெயரோடு சாதியின் அடித்தட்டில் வைக்கப்பட்ட மக்கள் மீது சுமத்தப்பட்ட கடமையாக இருந்தது. நிறத்தின் அழகைப் பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

அந்த வேர் என்ன செய்தது? சோழமண்டலக் கரையில் வரைந்த பருத்தித் துணிகள் 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவையே மயக்கின. எங்கள் வீடுகளில் பூப்போட்ட பருத்தித் துணியை 'சீத்தை' என்கிறோமே, அந்த இனத்தின் மூத்த துணிகள் அவை. பலமுறை துவைத்தாலும் நிறம் போகாத துணி அன்றைய ஐரோப்பியருக்கு அதிசயம். இரகசியத்தை அறியப் பலர் முயன்றனர். தென்னிந்தியாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் பாதிரியார் கேர்தூ, துணி வரைவோரிடம் கேட்டறிந்த செய்முறையை 1742 இல் ஒரு நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார்.

செய்முறையைச் சுருக்கமாகச் சொன்னால் இப்படித்தான். வெளுத்த துணியைக் கடுக்காய் நீரும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் முதலில் தோய்ப்பார்கள். கடுக்காயின் துவர்ப்பு பிடிப்பைக் கொடுக்கும். பாலின் கொழுப்பு, பின்னர் வைக்கும் கோடு பரவி ஊறாமல் காக்கும். கறுப்புக் கோட்டுக்குப் புளித்த வெல்ல நீரில் ஊறிய இரும்பின் கரைசல். அது துணியிலுள்ள கடுக்காய்த் துவர்ப்பைத் தொட்டவுடன் கறுக்கும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் சிவப்பைப் பூசமாட்டார்கள். படிகாரக் கரைசலைத்தான் பூசுவார்கள். பின்னர் முழுத்துணியையும் சாயவேர் நீரில் காய்ச்சுவார்கள். வெளியே எடுக்கும்போது துணி முழுவதும் சிவந்திருக்கும். சாணநீரில் அலசி, வெயிலில் விரித்து, நீர் தெளித்துத் தெளித்து வெளுக்க வைப்பார்கள். படிகாரம் இல்லாத இடத்துச் சிவப்பு போய்விடும், படிகாரம் பட்ட இடத்துச் சிவப்பு நிற்கும்.

அந்தக் கலைஞர் வரைந்தது நிறத்தை அல்ல, நிறம் தங்கப்போகும் இடத்தை. தூரிகை போன போக்கில் கண்ணுக்கு அவ்வளவாக ஒன்றும் தெரியாது. பல நாள் கழித்து, காய்ச்சி, அலசி, வெயில் காட்டிய பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவரே காண்பார். பொருளைப் பற்றிய அறிவு இல்லாமல் இதை எப்படிச் செய்வது?

இதில் எங்கள் கிணற்று நீருக்கும் ஒரு பாடம் உண்டு. குடாநாடு சுண்ணாம்புப் பாறையின் மேல் அமர்ந்திருக்கிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதும் அந்தச் சுண்ணாம்பின் கல்சியம்தான். சாயவேரிலுள்ள அலிசரின் என்ற சேர்மம் அலுமினியத்தோடும் கல்சியத்தோடும் சேரும்போதுதான் சிவப்பு ஒளிபெறுகிறது. தேநீருக்குச் சரிவராத நீர் இந்தச் சிவப்புக்கு நன்மை செய்யும்.

1868 இல் கிரேபே, லீபர்மன் என்ற இரு ஜேர்மன் வேதியியலாளர்கள் அலிசரினை ஆய்வுகூடத்தில் உருவாக்கினர். இயற்கைச் சாயமொன்று செயற்கையாக உருவானது அதுவே முதல் தடவை. அதன்பிறகு வேர் தோண்டத் தேவையில்லாமற் போனது. தோண்டியவர்களின் முதுகு நிமிர்ந்ததில் எமக்கு மகிழ்ச்சியே. ஆனால் எந்த மணலில் எந்த மாதம் தோண்டினால் எந்தச் சிவப்பு வரும் என்று அவர்கள் அறிந்திருந்த அறிவும் சேர்ந்தே போய்விட்டது. அவர்கள் கையால் எழுதிய குறிப்பு எம்மிடம் இல்லை. ஒல்லாந்தன் கணக்குக்காக எழுதியது இருக்கிறது, பாதிரியார் பிரான்சுக்கு எழுதியது இருக்கிறது. செய்தவரின் சொல் மட்டும் இல்லை.

மற்றவர்கள் எதை எடுத்தார்கள்

துணியையும் மையையும் ஒன்றாக்கியதில் முஸ்லிம் உலகுக்கும் பங்குண்டு. 15, 16 ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த இந்தியப் பருத்திச் சட்டைகள் சில இன்று மேலைநாட்டு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. சட்டை முழுவதும் கட்டங்களாகப் பிரித்து அல்குர்ஆன் வசனங்கள் மையாலும் பொன்வர்ணத்தாலும் எழுதப்பட்டிருக்கின்றன. போர்க்களத்தில் காவல் என்ற நம்பிக்கையில் அணிந்தவை என்பார்கள். அந்த நம்பிக்கையைப் பற்றி உலமாக்களிடையே பேச்சு உண்டு, அது இங்கு எம் விடயமல்ல. கைவினையை மட்டும் பார்ப்போம். வெறும் பருத்தியில் மையை வைத்தால் ஊறிப் பரவும். ஆகவே துணிக்குக் கஞ்சியேற்றி, தேய்த்து, கடதாசியைப் போல வழுவழுப்பாக்கிய பின்னரே எழுதினர். எழுதுவதற்கு முன் துணியைத் தயாரிப்பதுதான் பாதி வேலை.

20 ஆம் நூற்றாண்டில் போலந்துக் கலைஞர் மக்டலேனா அபகனோவிச் துறைமுகங்களில் கழித்த பழைய கயிறுகளைச் சேகரித்தார். அவற்றைப் பிரித்து, சாயமேற்றி, ஆளுயரத்தையும் தாண்டிய பெரும் உருவங்களாக நெய்து தொங்கவிட்டார். சுவரில் தொங்கும் அலங்காரம் என்ற நிலையிலிருந்து நெசவைச் சிற்பமாக்கியவர்களில் அவர் முக்கியமானவர். இந்தியாவில் மிருணாளினி முகர்ஜி தறியே இல்லாமல், சாயமேற்றிய கயிற்றை முடிச்சு முடிச்சாகப் போட்டுச் சிற்பங்களை எழுப்பினார். எங்கள் நாட்டில் 1960 களில் ஈனா டி சில்வா மெழுகுச்சாயமாகிய பத்திக்குக்குப் புத்துயிர் கொடுத்தார். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா அமைத்த பெந்தோட்டை பீச் ஹோட்டலின் கூரைத்தளத்தை அவருடைய பத்திக் துணிகள் அலங்கரித்தன.

இவர்களெல்லாம் பெயர்பெற்ற கலைஞர்கள். பெயரில்லாதவர்களின் உதாரணமும் ஒன்று உண்டு. தென்னமெரிக்காவின் சிலி நாட்டில் 1973 இல் இராணுவ ஆட்சி வந்தபோது ஆயிரக்கணக்கானோர் கைதாகினர், பலர் காணாமலாக்கப்பட்டனர். அவர்களின் தாய்மாரும் மனைவிமாரும் ஒன்றுகூடி, சாக்குத்துணியில் பழைய துணித்துண்டுகளை வைத்துத் தைத்துத் தம் கதையைச் சொன்னார்கள். அவற்றின் பெயர் 'அர்ப்பியேரா'. ஸ்பானிய மொழியில் அதன் பொருளே சாக்குத்துணிதான். தையல்தானே என்று எவரும் பெரிதாக எடுக்காததால் அவை நாட்டைவிட்டு வெளியேறி உலகத்தின் கண்ணில் பட்டன. "பொம்பிளையளின்ர கைவேலை" என்று தள்ளிவைத்தது அந்த ஒரு காலத்தில் அவர்களுக்குக் கேடயமானது.

எங்கள் பக்கம்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் பயின்ற இளையோர் சிலர் இத்துறையில் நன்றாக வேலை செய்கிறார்கள். மலையகத்திலிருந்து வந்து இங்கு படித்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையே வர்ணமாக்கினார். தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையைச் சொல்லத் தேயிலையைவிடப் பொருத்தமான நிறம் ஏது? அதே கழகத்தில் பயின்ற ஹேமா ஷிரோனி துணியில் கைத்தையலால் வீடு, இடப்பெயர்வு, மொழி ஆகியவற்றைப் பேசுகிறார். இருவரிடமும் பொருளே பாதிக் கருத்து. கன்வஸில் எண்ணெய் வர்ணத்தால் இதையே வரைந்திருந்தால் வேறொன்றாகப் போயிருக்கும்.

எங்கள் சமூகத்துக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. யாழ்ப்பாண முஸ்லிம்களின் பழைய தொழில்களில் தையலும் ஒன்று. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பலர் கையில் கொண்டுபோனது உடுத்த உடுப்பும் ஒரு சின்னப் பொதியும்தான். புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. கிடுகு என்பது என்ன? பின்னிய ஓலை, அதாவது இழை. இழையால் வேய்ந்த சுவருக்குள் பிள்ளைகளாக இருந்தவர்கள் இன்று நாற்பதுகளில் இருக்கிறார்கள். அந்த நாட்களைப் பற்றிக் கவிதை இருக்கிறது, கதை இருக்கிறது, ஆய்வறிக்கையும் இருக்கிறது. கிடுகிலும் சாக்கிலும் சாரத்துண்டிலும் அதைச் சொன்னால் எப்படியிருக்கும் என்று எங்கள் பெண்பிள்ளைகள் யோசிக்கலாம். உருவம் வரைவது கூடுமா கூடாதா என்று தயங்கும் வீடுகளிலும் இதற்குத் தடையில்லை. நிறமும் எழுத்தும் தையலும் போதும். கஃபாவின் கிஸ்வாவைப் பாருங்கள். கறுப்புப் பட்டிலேயே கறுப்பு எழுத்து நெய்யப்பட்டிருக்கிறது. வெளிச்சம் விழும் கோணத்தில் வாசிக்கலாம். உருவம் ஒன்றும் இல்லாமலே அந்தத் துணி எவ்வளவு பேசுகிறது!

கையில் எடுக்குமுன்

இனி, செய்து பார்க்க விரும்புவோருக்குச் சில குறிப்புகள்.

துணி எதுவென்று முதலில் அறிய வேண்டும். ஓர் இழையை இடுக்கியில் பிடித்துப் பற்றவைத்துப் பாருங்கள். பருத்தி கடதாசி போல எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்ரர் உருகி உருண்டையாகும். "ரீச்சர், தேயிலையில ஊறப்போட்டும் நிறம் ஏறேல்லையே" என்று பிள்ளைகள் கொண்டுவரும் துணி பெரும்பாலும் பொலியெஸ்ரராகவே இருக்கும். மீன்வலை நைலோன். அதில் வர்ணம் பூசினால் காய்ந்தபின் உரிந்துவிடும். ஆனால் வினாகிரி சேர்த்துச் சூடாக்கும் அமிலச் சாயத்தை நைலோன் ஏற்கும்.

புதுப் பருத்தித் துணியில் கஞ்சியும் எண்ணெயும் இருக்கும். சலவைச் சோடா போட்டு நன்றாகக் காய்ச்சி அலசிய பிறகே சாயம் சீராக ஏறும். படிகாரம் 100 கிராம் துணிக்கு 15 கிராம் அளவு போதும். இரும்புக் கரைசலுக்குத் துருப்பிடித்த ஆணிகளை வினாகிரியில் ஒரு கிழமை போட்டுவைத்தால் சரி. கடுக்காயிலோ தேயிலையிலோ தோய்த்த துணியில் அந்தக் கரைசலால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கண்முன்னே கறுக்கும். அளவு மீறக்கூடாது, ஏனெனில் இரும்பு காலப்போக்கில் பருத்தியைத் தின்னும். பழைய துணிகளில் கறுப்புக் கோடு இருந்த இடம் முதலில் உக்கிப்போவது இதனால்தான்.

நிறம் இருப்பதெல்லாம் சாயமல்ல. பனங்களியைப் பாருங்கள், எவ்வளவு அழகான செம்மஞ்சள்! ஆனால் அந்த நிறத்தைத் தருபவை கொழுப்பில் கரையும் கரோட்டின்கள். பருத்தியைப் பிடிக்க அவற்றுக்குக் கை இல்லை. முந்தின காலத்தில் பனங்களியைக் கொண்டு உடுப்புத் தோய்த்தார்கள் என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதில் நுரைக்கும் பொருளும் இருக்கிறது. நிறமுள்ள பழம் அழுக்கெடுக்கிறது, நிறமற்ற வாழைக்கயரோ மாறாத கறையாகிறது. மஞ்சள் உடனே ஏறும், வெயில் பட்டால் வெளிறும். பீற்றூட் இரண்டு தோய்வில் போய்விடும். மறைந்துபோவதையே சொல்ல நினைப்பவருக்கு அவையும் பொருத்தமான பொருட்கள்தான், தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவே.

பனையோலையின் மேல் இயற்கையான மெழுகுப்படலம் உண்டு. அதனால் மேலே பூசும் வர்ணம், ஓலை வளையும்போது வெடித்து உதிரும். பெட்டியும் தடுக்கும் இழைப்பவர்கள் சார்வோலையைச் சாயநீரில் அவித்து எடுத்த பிறகு இழைப்பது இதனாலேயே. துணியில் அக்கிரிலிக் வர்ணம் பூசினால் விறைக்கும், துணிக்கென விற்கும் கலவையைச் சேர்த்தால் ஓரளவு மென்மையாகும். மடிக்காமல் தொங்கவிடும் ஆக்கமென்றால் விறைப்பே உதவும்.

காவலும் முக்கியம். சாயத்துக்கு எடுத்த பாத்திரம் திரும்ப அடுப்படிக்குப் போகக்கூடாது. சாயத்தூளைக் கையாளும்போது மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். வெளுக்கும் குளோரின் திரவத்தோடு வினாகிரியையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சுவாயு வரும்.

நூல் என்ற சொல்

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பழக்கம் வேண்டும். ஒவ்வொரு பரிசோதனையிலும் ஒரு சாண் துண்டை வெட்டிக் கொப்பியில் ஒட்டி, பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும். என்ன துணி, எந்தக் கிணற்று நீர், எத்தனை கிராம், எவ்வளவு நேரம், எந்த மாதம். பிழைத்துப்போன துண்டையும் ஒட்ட வேண்டும். ஆறு மாதம் யன்னலோரம் வைத்து நிறம் எவ்வளவு வெளிறியது என்று திரும்பவும் எழுத வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சாயவேரின் கதையில் எங்களுக்கு எஞ்சியது அந்நியர் எழுதியது மட்டும்தான். மணலை நகத்தால் கீறி வேரின் தரத்தைச் சொன்னவர்களுக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்தது. எங்கள் உம்மாமார், பெத்தாமார் பாய்க்கும் பெட்டிக்கும் சாயம் கட்டிய முறைகளுக்கும் அதே கதி நேரலாம். அவர்கள் இருக்கும்போதே கேட்டு, மாதிரி வாங்கி, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதிவைப்பது பாடசாலைப் பிள்ளைகளாலும் முடிகிற ஆய்வு. இத்தகைய சஞ்சிகைகள் அவற்றை வெளியிட முன்வர வேண்டும்.

தமிழில் இழைக்கும் புத்தகத்துக்கும் 'நூல்' என்ற ஒரே சொல்தான். நன்னூல் இந்த ஒற்றுமையை விரித்துச் சொல்கிறது. சொல் பஞ்சாம், நூல் செய்யும் புலவன் பஞ்சை நூற்கும் பெண்ணுக்கு ஒப்பாம். நூற்கும் பெண்ணைப் புலவனுக்கு உவமையாக்க இலக்கணகாரர் தயங்கவில்லை. தையல் அறையையும் சித்திர அறையையும் ஒன்றாக்க நாங்களும் தயங்க வேண்டியதில்லை. இழையில் நிறமேற்றும் கையிலேயே பேனையும் இருந்தால், சாயவேருக்கு நேர்ந்தது அடுத்த நிறத்துக்கு நேராது.